‘நூறு தளங்களில் உங்கள் செய்தி, கேரண்டி!’: ஒரு பி.ஆர். பேக்கேஜ் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்: காசு கொடுத்தால் நூறு செய்தித் தளங்களில் உங்களைப் பற்றிப் போடுகிறோம் என்று விற்கும் இந்த மாதிரி பி.ஆர். (மக்கள் தொடர்பு) பேக்கேஜை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்று ஏதாவது காரணம் இருந்தால், கையில் என்ன வந்து சேரும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சேலத்தில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன்பு ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன், அதற்கும் முன்பு ஒரு மருத்துவமனையில். இந்த பேக்கேஜை வாங்கியது நான் இல்லை, ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன். சொந்தத் தோட்டத்தில் விளைவதை அங்கேயே வறுத்து அரைத்து, சிக்கரி கலக்காத ஃபில்டர் காபித் தூளாக விற்கிறார், கூடவே மிளகும் உண்டு. வார இறுதியில் மலையேறி வருகிறவர்கள்தான் பெரும்பாலும் வாங்குவது. சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வீட்டுக்கு ஆர்டர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு ஐந்து இலக்கத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நூத்துக்கும் மேல சைட்ல நம்ம நியூஸ் வந்திருச்சுங்கறாங்க. ஒரு பாக்கெட்டுகூட சேர்த்துப் போகல. என்னன்னு கொஞ்சம் பாரு சாமி.” ரிப்போர்ட், பில், அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் கொடுத்தார். எழுதலாமா என்று கேட்டதற்கு, தோட்டத்தின் பெயர் வேண்டாம், மற்றபடி தாராளமாக எழுது என்றார். விற்ற நிறுவனத்தின் பெயரையும் நான் போடவில்லை. இதே சரக்கை இதே வார்த்தைகளில் விற்பவர்கள் இன்ஸ்டாகிராமில் வரிசை கட்டி நிற்கிறார்கள், ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டினால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

என்ன விற்கிறார்கள் என்று பார்ப்போம். மூன்று விலையில் மூன்று பேக்கேஜ். உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவார்கள், அதை நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித் தளங்களில் போடுவார்கள், இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வரும். கட்டுரை ஆங்கிலத்தில் மட்டும், தமிழ் வேண்டுமென்றால் தனிக் காசு. காபித் தூளை வாங்கப்போவது சேலம், நாமக்கல், ஈரோடு குடும்பங்கள், அவர்களுக்கு எதற்கு முதலில் ஆங்கிலம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விற்பனைப் பேச்சில் மூன்று நான்கு முறை வருவது ‘கேரண்டி’. இந்தத் துறையில் வேலை பார்த்த யாருக்கும் அந்த இடத்திலேயே உறைக்கும், ஏனென்றால் பி.ஆர். வேலையில் கேரண்டி கொடுக்க முடியாது. போடுவதா வேண்டாமா என்பது ஆசிரியர் குழுவின் முடிவு. அந்த முடிவை விலைக்கு வாங்க முடிகிறது என்றால் அது விளம்பரம். விளம்பரம் ஒன்றும் கெட்டதில்லை, நானும் நிறையப் போட்டிருக்கிறேன், ஆனால் அதை விளம்பரம் என்று சொல்லி, விளம்பரத்தின் விலைக்கு விற்க வேண்டும்.

நம்மூரில் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பு அலுவலர், என்றால் ஆளுக்கொரு படம் மனதில் ஓடும். சினிமா பார்ப்பவர்களுக்கு பிலிம் நியூஸ் ஆனந்தன், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் வாங்கியவர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகிறவர்களுக்கு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். ஆஸ்பத்திரியில் என்றால் பில்லில் ஏதாவது குறைத்துக் கொடுங்கள் என்று போய் நிற்கும் மேஜை (அந்த மேஜையில் நானே உட்கார்ந்திருந்தேன், அது வேறு கதை). இத்தனை படம் இருப்பதால் இந்த வேலை என்ன, மார்க்கெட்டிங்கில் இதற்கு எந்த இடம் என்பது யாருக்கும் தெளிவாக இல்லை, அந்த இடைவெளியில்தான் இந்த பேக்கேஜ் வியாபாரமே ஓடுகிறது.

இனி கட்டுரைக்கு வருகிறேன். தலைப்பிலேயே நான்கு அடைமொழி. உள்ளே முதல் பத்தியில் ‘தொலைநோக்குப் பார்வை கொண்ட’, ‘புரட்சி செய்துவரும்’ வகையறா. தோட்டம் எந்த மலையில் இருக்கிறது என்பது மூன்றாவது பத்தியில் வருகிறது, அதுவும் ‘சேலம் அருகே’ என்று. அண்ணன் சொல்லாத ஒரு மேற்கோள் அவர் வாயில் திணிக்கப்பட்டிருந்தது. இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாத ஒன்று, இந்தக் காபி சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி. அண்ணன் அப்படிச் சொல்லவே இல்லை, எழுதியவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். உணவுப் பொருளை நோய் தீர்க்கும், நோய் வராமல் தடுக்கும் என்று சொல்லி விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018ல் கொண்டுவந்த விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். நோட்டீஸ் வந்தால் உரிமம் வைத்திருக்கும் அண்ணன் பெயருக்குத்தான் முதலில் வரும், கட்டுரை எழுதிய பையன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட நமக்குத் தெரியாது. அந்த வரியை எடுங்கள் என்று கேட்டதற்கு, ஏற்கெனவே லைவ் ஆகிவிட்டது சார், திருத்தம் செய்ய ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. பல தளங்களில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. வெளியிடுவதற்கு முன்னால் அண்ணனிடம் காட்டி ஒப்புதல் வாங்கியதாக அவர்கள் சொல்கிறார்கள். வாங்கினார்கள்தான், ஆங்கிலத்தில் நாலு பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘ஓகேவா சார்’ என்று கேட்டு.

எனக்கு அதைவிட வயிற்றெரிச்சல், கையில் செய்தி இருந்தும் அதை விட்டுவிட்டார்கள் என்பது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்ததே ஒரு கதை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி பயிரிட வைத்தார், கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துச் சங்கதி. 2019ல் மத்திய அரசு ஐந்து இந்தியக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம்) கொடுத்தது: குடகு அரபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூரு அரபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அரபிகா, பாபாபுதன்கிரி அரபிகா. அந்தப் பட்டியலில் சேர்வராயன் இல்லை. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்தது, மலை மேல் விளையும் காபிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு சிறு தோட்டக்காரர் கேட்டால் சேலத்தில் எந்த நிருபரும் குறிப்பேட்டைத் திறப்பார். சிக்கரி இன்னொரு வழி. காபி-சிக்கரி கலவை என்று விற்பதில் காபி குறைந்தபட்சம் 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி 49 சதவீதம் சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டில் அதைப் போட்டிருப்பார்கள், நாம் படிப்பதில்லை. ‘உங்கள் காபியில் காபி எவ்வளவு?’ என்று ஒரு தலைப்பு வைத்தால் வீட்டில் எல்லோரும் அலமாரியைத் திறந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். இதில் எதுவும் அந்தக் கட்டுரையில் இல்லை. யாருக்கும் பொருந்தும் கட்டுரை அது, காபி என்ற இடத்தில் கட்டுமான நிறுவனம் என்று மாற்றினாலும் படிக்கலாம்.

எங்கே வந்தது? லிங்க்குகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு மூன்று தெரிந்த பெயர்கள் இருந்தன, அவற்றிலும் செய்திப் பக்கத்தில் இல்லை, ‘பிராண்ட் டெஸ்க்’, ‘பிரஸ் ரிலீஸ்’, ‘ஸ்பான்சர்டு’ என்று ஒதுக்கி வைத்திருக்கும் தனி மூலையில். அடியில் ஒரு சாம்பல் நிற வரி: இதில் உள்ள கருத்துகளுக்கு எங்கள் ஆசிரியர் குழு பொறுப்பல்ல. யோசித்துப் பாருங்கள், அந்தத் தளத்தின் நம்பகத்தன்மைக்காகத்தான் காசு கொடுத்தோம், அந்தத் தளமோ இது எங்களுடையது இல்லை என்று கையைக் கழுவிவிடுகிறது. மீதித் தளங்கள் எல்லாம் செய்தித் தளம் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரே கட்டுரையை ஒரே எழுத்துப் பிழையோடு போட்டவை. முகப்புப் பக்கத்திலிருந்து தேடிப்போனால் அந்தக் கட்டுரையை அடையவே முடியாது, லிங்க் தெரிந்தால்தான் உண்டு. லிங்க் தெரிந்தவர்கள் அண்ணன், அவர் மகள், நான்.

கூகுளில் மேலே வரும் என்பது அவர்கள் சொன்ன இன்னொரு கதை. காசு கொடுத்துப் போடும் லிங்க்குகளுக்கு ‘ஸ்பான்சர்டு’ என்றோ ‘நோ-ஃபாலோ’ (தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்காதே) என்றோ அடையாளம் போட வேண்டும் என்பது கூகுளின் விதி, அப்படிப் போட்டால் தரவரிசைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, போடாவிட்டால் விதிமீறல். போதாததற்கு, பெரிய தளங்களின் பெயரை வாடகைக்கு விட்டு வெளி ஆட்களின் கட்டுரைகளை ஏற்றுவதற்கு எதிராக 2024ல் தனியாகவே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். விக்கிப்பீடியா பக்கம் உருவாக்க உதவும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். காசு கொடுத்துப் போட்ட செய்தியை விக்கிப்பீடியா ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளாது, போட்டால் தூக்கிவிடுவார்கள்.

அப்புறம் அந்த ரிப்போர்ட். வண்ண வண்ணமாக, பார்க்க லட்சணமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ‘மொத்த ரீச்’ என்று ஒரு எண் போட்டிருந்தார்கள், அது தமிழ்நாட்டின் மக்கள்தொகையை விடப் பெரியது. 2011 கணக்கெடுப்பில் நாம் 7.21 கோடிப் பேர், இத்தனை பேரும் குழந்தை குட்டியோடு உட்கார்ந்து அண்ணனின் காபியைப் பற்றிப் படித்தாலும் அந்த எண் வராது. எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு தளத்துக்கும் மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கை எடுத்து அப்படியே கூட்டிவிட்டார்கள். ஐந்து ரோட்டு சிக்னலை மாதம் எத்தனை வண்டி கடக்கிறது என்று எண்ணி, அத்தனை பேரும் என் கடைக்கு வந்தார்கள் என்று சொல்வதற்குச் சமம் இது.

அடுத்த வரியில் ‘விளம்பர மதிப்பு’ என்று பல லட்சம். இது பி.ஆர். துறையின் பழைய வியாதி. செய்தி வந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெருக்கிக் காட்டுவது. ஜவுளிக்கடையில் இருக்கும்போது முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டினால்தான் மனம் குளிரும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் 2010ல் பார்சிலோனாவில் கூடிய துறைக்காரர்களே சேர்ந்து, விளம்பர மதிப்பு என்பது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். விளைவை அளக்கச் சொன்னார்கள்: எத்தனை பேர் விசாரித்தார்கள், யாருடைய எண்ணம் மாறியது, விற்பனையில் ஏதாவது அசைந்ததா. அந்த ரிப்போர்ட்டில் அது ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் பழைய கணக்கையே விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது.

சரி, மார்க்கெட்டிங்கில் இந்த வேலைக்கு உண்மையில் என்ன இடம்? பாடப்புத்தகத்தில் விளம்பரம், தள்ளுபடி, நேரடி விற்பனை, மக்கள் தொடர்பு என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் வரும். வேலை பார்க்கும்போது தெரிவது வேறு. விளம்பரத்தில் இடம் நம்முடையது, வார்த்தை நம்முடையது, எந்த நாள் வரவேண்டும் என்பதும் நம் கையில். அதனாலேயே படிப்பவர் அதைப் பாதிதான் நம்புவார், காசு கொடுத்தவன் தன்னைப் பற்றி வேறு எப்படிச் சொல்வான் என்று அவருக்குத் தெரியும். செய்தியில் எதுவுமே நம் கையில் இல்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு, நம்மிடம் காசு வாங்காத ஒருவர் நம்மைப் பற்றிச் சொல்கிறார் என்பதால். 1906லேயே அமெரிக்காவில் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்தபோது பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்: நாங்கள் தருவது செய்தி, உங்கள் விளம்பரப் பிரிவுக்குப் போகவேண்டியது என்று தோன்றினால் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பொருளில். நிருபர்கள் மேற்கொண்டு கேட்டால் விவரம் தருவோம், சரிபார்க்க உதவுவோம் என்றும் சொன்னார். ஐவி லீயே முழுக்க அந்த வாக்கைக் காப்பாற்றினாரா என்பது விவாதத்துக்குரியது, ஆனாலும் அளவுகோல் அதுதான். இந்தியாவில் பிரஸ் கவுன்சில் 2010ல் பெய்டு நியூஸ் பற்றி அறிக்கை கொடுத்தபோதும் அடிப்படை அதேதான், காசோ பொருளோ வாங்கிக்கொண்டு செய்தி மாதிரி போடுவது வாசகரை ஏமாற்றுவது.

இன்னொன்றும் உண்டு, பேக்கேஜ் விற்பவர்கள் தொடவே மாட்டார்கள். பிரச்சினை வரும்போது யார் பேசுவது? 2003 அக்டோபரில் மகாராஷ்டிராவில் கேட்பரி டெய்ரி மில்க்கில் புழு இருந்ததாகப் புகார் கிளம்பிய சமயத்தில், கடைக்காரர்கள் சரியாக வைக்கவில்லை என்று நிறுவனம் முதலில் சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை, புழு உள்ளே போகிற மாதிரி ஏன் உறை போட்டீர்கள் என்று கேள்வி திரும்பியது. விளம்பரத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள், கடைக்காரர்களைப் போய்ப் பார்த்தார்கள், பத்திரிகைகளுக்குத் தொடர்ந்து பதில் சொன்னார்கள், 2004ல் உறையையே மாற்றினார்கள், அதற்குப் பிறகுதான் விளம்பரத்தில் அமிதாப் பச்சன் வந்தார். எல்லோருக்கும் அமிதாப்தான் ஞாபகம் இருக்கிறது. உறை மாறாமல் அவர் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உறையை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று உள்ளே போய் முதலாளியிடம் சொல்வதும் பி.ஆர். வேலையில் சேர்த்திதான், சொல்லப்போனால் கஷ்டமான பாதி அதுதான். நாளைக்கே அண்ணனின் பாக்கெட்டில் வண்டு என்று யாராவது வீடியோ போட்டால் இந்த நூறு தளங்களில் ஒன்றாவது போனை எடுக்குமா?

பேக்கேஜுக்கு மாற்றாக என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. கோடை மழை ஒன்று பெய்ததும் காபிச் செடியில் பூ வரும், மலையே மல்லிகை மாதிரி மணக்கும், சில நாள்தான் இருக்கும். கீழே வெயிலில் வேகும் சேலத்துக்காரர்களில் எத்தனையோ பேர் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி இருக்கும் அந்தப் பூவைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிருபரிடம், பூ வந்திருக்கிறது, படம் எடுக்க வேண்டுமென்றால் நாளைக்கே வாருங்கள் என்றேன். கூடவே தமிழில் ஒரு பக்க பிரஸ் நோட்: காக்பர்ன் கதை, புவிசார் குறியீட்டுப் பட்டியல், சிக்கரி சதவீதம், கடைசியில் இரண்டே வரியில் அண்ணனின் தோட்டம். உள்ளூர்ப் பக்கத்தை மாலையில் முடித்துவிடுவார்கள், அதனால் மதியத்துக்குள் விவரம் கையில் இருக்க வேண்டும், பெயரின் எழுத்தும் போன் நம்பரும் சரியாக இருக்க வேண்டும். படம் நன்றாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வந்தது. மாவட்டப் பக்கத்தில், படத்தோடு. போன் வந்தது, ஆர்டரும் வந்தது, கூடவே நீங்கள் காபிச் செடி நாற்று தருவீர்களா என்று கேட்டும் நிறையப் பேர் கூப்பிட்டார்கள், அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. விலையைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், அசல் விலையை விடக் குறைவாக. சில நாள் அந்த விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த நாளே அந்தப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவிலிருந்து, சார் நியூஸ் வந்ததே பார்த்தீர்களா, ஒரு கால் பக்கம் போடலாமே என்று போன். இதெல்லாம் இந்த வேலையில் கூடவே வருவது. எப்போதும் வரும் என்றும் சொல்ல மாட்டேன். அதே வாரத்தில் ஏதாவது பெரிய விபத்தோ அரசியல் கூட்டமோ இருந்திருந்தால் நம் பூ குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காடு என்றாலே எல்லாப் பத்திரிகையும் மலர்க் கண்காட்சியைத்தான் போடும், அப்போது போய் என் தோட்டம் என்று நின்றால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டியதும் ஓடிப்போகவில்லை, சொன்ன தேதிக்குள் சொன்ன எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். போனை எடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், ஜிஎஸ்டி பில் ஒழுங்காக வந்தது. நிறுவனத்தின் பெயரைத் தேடினால் எதுவுமே வராத நிலையில் ஏதோ நாலு பக்கம் வருகிறது. வெளியூர் வியாபாரிக்கு அனுப்பும் ஃபைலில் பத்திரிகைகளில் நாங்கள் என்று லோகோ வரிசை போட ஆசைப்படுபவர்களுக்கு அதுகூடப் பயன்படலாம். அந்த லோகோவுக்குக் கீழே ‘ஸ்பான்சர்டு’ என்று இருந்ததை அந்த வியாபாரி தேடிப் பார்க்காத வரைக்கும்.

இதே பேக்கேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் போனிலேயே கேளுங்கள்: கட்டுரை எந்தப் பிரிவில் வரும், ஸ்பான்சர்டு என்று போடுவார்களா, தப்பு இருந்தால் யார் செலவில் திருத்துவது, போன மாதம் செய்து கொடுத்த நாலு பேரின் லிங்க்கை அனுப்ப முடியுமா. அந்த லிங்க்குகளைத் திறந்து, முகப்புப் பக்கத்திலிருந்து தேடிப் போக முடிகிறதா என்று பாருங்கள். இவ்வளவு கேட்டதற்கே ஆள் எரிச்சலானால் வைத்துவிடுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்தச் சர்க்கரை நோய் வரி இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். அடுத்த காலாண்டுக்கான ரெனியூவல் மெசேஜ் அண்ணனுக்கு வந்திருக்கிறது, முப்பது சதவீதம் தள்ளுபடியாம்.